டெல்பின் கொரேரா கலக்கிய முகங்கள்

செம்மணல்துறை விமான நிலையத்தின் மேனேஜர் சந்தானகிருஷ்ணனின் முகம் ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்குக் கலங்கிப்போனது. அடுத்த திங்கட்கிழமைக்குள் ஊருக்கு அது பழகியும் போனது. கலங்கியது என்றால் கண்ணீரில் கலங்குவதுபோல அல்ல. மூக்கு இருந்தது, ஆனால் எந்த இடத்தில் கன்னம் முடிந்து மூக்கு தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மீசை இருந்தது, ஈரச் சுவரில் கரித்துண்டால் இழுத்து உள்ளங்கையால் துடைத்ததுபோல. பேசினால் வாய் இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் அசைந்தது. இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் அந்த மனிதர்மேல் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கத்துக்கு இப்போது அவசரமில்லை.

கோயில் தெரு நாலாவது வீட்டு டெல்பின் கொரேராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை, கல்யாணம், சவப்பெட்டியை மூடுமுன் குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் கடைசிப் படம், எதுவானாலும் அந்தக் கோயில் பங்கில் காமிராவோடு நிற்பவள் அவள்தான். "நேரா நில்லுங்க, செத்தவரே ஒழுங்கா இருக்காரு, உங்களுக்கு என்ன?" என்று அவள் போட்ட அதட்டலில் துக்க வீட்டில் சிரித்துத் தொலைத்தவர்கள் உண்டு. அவளுடைய தங்கை ஜெனோவா இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வடக்கே மலைமேல் ஒரு அடைப்பு மடத்தில் சேர்ந்துவிட்டாள். அந்த மடத்துக் கன்னியர்கள் வெளியே வர மாட்டார்கள். பார்க்கப் போனால் இரும்புக் கிராதி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். துறவற வார்த்தைப்பாடு கொடுத்துச் சேர்ந்த இருபத்தைந்தாம் வருஷம் ஒரு மணி நேரம் திரையை விலக்குவார்கள். அதற்குப் பிறகு ஐம்பதாம் வருஷம்தான்.

இடுப்பெலும்பு முறிந்து நடு அறைக் கட்டிலில் கிடந்த அம்மா திரேசம்மாளுக்கு எண்பத்துநாலு வயது. ஐம்பதாம் வருஷத்துக்குக் காத்திருக்கத் தன்னால் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும், அவளைப் படைத்தவருக்கும் தெரியும். "நீ போய் அவ முகத்தைக் கொண்டா, டெல்பின்," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மடத்துத் தாயாருக்கு டெல்பின் மூன்று கடிதம் எழுதி, படுக்கையில் கிடக்கும் தாயின்பொருட்டு ஒரே ஒரு காமிராவுக்கு அனுமதி வாங்கினாள். போன் கூடாது. உட்காரும் பெஞ்சு கிராதியிலிருந்து இருபது அடி தள்ளி. அங்கிருந்து முகம் மட்டும் வேண்டுமென்றால் பெரிய லென்ஸ் இல்லாமல் முடியாது.

காமிராவோடு விமானம் ஏறுவது கைக்குழந்தையோடு ஏறுவதைவிட மோசம். குழந்தை என்றால் நாலு பேராவது நகர்ந்து உட்காருவார்கள். டெல்பின் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தாள். மாட்டியபடியே கொண்டுபோனால் ஒரு இடியில் இணைப்பு முறியும் என்பதால் லென்ஸைத் தனியே கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, துவாலையில் சுற்றிப் பையின் நடுவில் படுக்க வைத்தாள். பேட்டரிகளைக் கீழே போகும் சாமானில் வைக்கக் கூடாது என்பதால் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எல்லாம் செய்தவள் பூட்டு மட்டும் போடவில்லை. பையின் இரண்டு ஜிப்பையும் சேர்த்து அம்மாவின் மரமணி ஜெபமாலையால் ஐந்து சுற்றுச் சுற்றி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வெளியே பார்க்கும்படி முடிச்சுப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் எட்வின், "ஒரு சின்னப் பூட்டு..." என்று தொடங்கினார். "இந்த ஊர்ல ஜெபமாலைல கை வைக்கிறவன் இன்னும் பொறக்கலை," என்றாள். கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்ணைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

வந்தது இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். தலைக்கு மேலிருக்கும் தட்டில் பை இரண்டு விரல் அளவுக்கு நுழையவில்லை.

"கீழ போடணும் மேடம்," என்றார் படிக்கட்டில் நின்ற அதிகாரி.

"கீழ போட இது என்ன பலாப்பழமா? காமிரா லென்ஸ்."

"கவனம்னு ஸ்டிக்கர் ஒட்டித் தர்றோம் மேடம்."

"அந்த ஸ்டிக்கரை உங்க நெத்தியில ஒட்டிக்கிட்டு மாடியிலேர்ந்து குதிங்க. உடையுதா இல்லையான்னு பாத்துட்டு நான் பையைத் தர்றேன்."

பின்னால் நின்ற இருபது பேரும் உச்சுக் கொட்டினார்கள். பை கீழே போனது. காமிராவை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்தானையால் அதை மூடிக்கொண்டு, டெல்பின் வழிநெடுக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போனாள். இறங்கிய இடத்தில் பை வந்தது. கனம் சரியாக இருந்தது, முடிச்சு சரியாக இருந்தது, சுரூபம் வெளியே பார்த்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மடத்தில் மணி அடித்து, திரை விலகி, கிராதிக்குப் பின்னால் ஜெனோவா வந்து நின்றபோது டெல்பின் குனிந்து ஜெபமாலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துவாலையைப் பிரித்தாள். உள்ளே செம்மணல்துறை உப்பளத்தின் கல்லுப்புப் பாக்கெட்டு ஒன்று பச்சைப்பிள்ளைபோலப் படுத்திருந்தது. அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினாள், ஒவ்வொரு அறையாகப் பிதுக்கினாள், கைப்பையைக் கொட்டினாள், வாசல் காக்கும் கன்னியாஸ்திரியிடம் போனாவது கொடுங்கள் என்று சண்டை போட்டாள், விமானக் கம்பெனியை இங்கிலீஷிலும் தமிழிலும் திட்டினாள், மறுபடியும் பையைக் கொட்டினாள். "அக்கா, இங்க பாரு," என்றது குரல். "இருடீ, ஒரு நிமிஷம்," என்றாள். "அக்கா, போட்டோ கிடக்கட்டும், நீ பாரேன்." "இருன்னு சொல்றேன்ல!" அந்த ஒரு நிமிஷம் எப்படி ஒரு மணி ஆயிற்றென்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தது. அவள் தலை நிமிர்ந்தபோது, கறுப்புத் திரையின் ஓரம் கடைசியாக ஒருமுறை ஆடி அடங்கியது.

வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா கேட்டாள், "எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா."

"நல்லா இருக்காளான்னா கேட்டேன்? எப்படி இருக்கான்னு கேட்டேன். நரைச்சிருக்கா? கன்னம் ஒட்டிருச்சா? பல்லு விழுந்திருக்கா?"

டெல்பின் கையிலிருந்த பையைக் கட்டிலடியில் தள்ளினாள். திரேசம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று திரும்பிய முகம் அதற்கப்புறம் கஞ்சிக்கும் திரும்பவில்லை, மருந்துக்கும் திரும்பவில்லை. ஸ்பூனைச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நுழைத்துத்தான் ஊட்ட வேண்டியிருந்தது.

மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை. மேனேஜர் சந்தானகிருஷ்ணன் ஏசியில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்தார். போகும்போது பை ஆறு கிலோ இருநூறு, வந்து சேர்ந்தபோது ஆறு கிலோ இருநூறு, முடிச்சு அவிழவில்லை, கையெழுத்து இருக்கிறது. "அப்ப எதுவும் தொலையலையே மேடம். உப்பு நீங்களே வெச்சிருக்கலாம். இந்த வயசுல ஞாபகம் அப்படி இப்படி இருக்கும். எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ஏழு வேலை நாள்ல பாக்குறோம்."

டெல்பின் ஒன்றும் திட்டவில்லை, அதுவே ஆச்சரியம். கழுத்தில் தொங்கிய காமிராவை, லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாய் வாய் பிளந்திருந்த அந்தக் காமிராவை, கண்ணுக்கு நேரே தூக்கினாள். "உம்ம மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கணும்," என்று சொல்லி அமுக்கினாள். லென்ஸ் இல்லாமல் அமுங்கவே அமுங்காத காமிரா அது. அன்று அமுங்கியது. மேனேஜர் கலங்கினார்.

அன்று மத்தியானமே அவருடைய விமான நிலைய வாசலிலேயே காவலர் அவரை உள்ளே விடவில்லை; அட்டையிலிருக்கும் ஆள் தெளிவாக இருக்கிறார், நீங்கள் அப்படி இல்லையே என்றார். நியாயம்தான். மேனேஜரின் மனைவி முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் கண் டாக்டரிடம் தன் கண்ணைக் காட்டினாள், மூன்றாம் நாள், "ஒரு விதத்துல நல்லதுதான், முறைக்கிறது தெரியலை," என்று அடுத்த வீட்டில் சொன்னாள். சவரக் கடைக்காரர் தாடையின் ஓரம் கிடைக்காமல் தடவித் தடவிச் சவரம் செய்தார். டெல்பின் அடுத்தடுத்த நாட்களில் படிக்கட்டு அதிகாரியை, ஸ்டிக்கர் ஒட்டியவரை, "எங்க கவுண்டர் இல்லைங்க, அடுத்த கவுண்டர்" என்ற இரண்டு பேரை, அந்த அடுத்த கவுண்டரில் இருந்தவரை, ஒவ்வொருவராகப் போய் நின்று எடுத்தாள். அவர்களும் கலங்கினார்கள். ஊர் அதற்கும் இடம் கொடுத்தது. பஸ்ஸில் கலங்கினவர்கள் ஏறினால் கண்டக்டர், "பேரைச் சொல்லி ஏறுங்க," என்றார். ரேஷன் கடையில் அவர்களுக்கென்று தனி நோட்டு போட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா கலங்கினவர் என்று தெரிந்தபோது, பெண் வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, பரம்பரையா, விமான நிலையத்தாலா என்பதுதான். விமான நிலையத்தால் என்றதும் சம்பந்தம் முடிந்தது.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இது வரும் என்று வரும் வழியெல்லாம் யோசித்து முடிவுக்கு வராதவர், "அந்தக் காமிராவை எடுங்கம்மா, பாப்போம்," என்றார். டெல்பின் எடுத்தாள். அவர் கொல்லைப்புற வழியாகப் போய்விட்டார்.

லென்ஸ் கிடைத்து, அதை மாட்டி மறுபடி எடுத்தால்தான் முகம் தெளியும் என்று ஊரே பேசிக்கொண்டது. யார் முதலில் சொன்னதென்று தெரியாது, ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆகவே கலங்கின ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு லென்ஸைத் தேடினார்கள். சாமான் தட்டுகளைக் கவிழ்த்தார்கள், ஓடுபாதைப் புல்லை விலக்கினார்கள், பயணிகளிடம் மாதக்கணக்கில் அவர்கள் காட்டாத அக்கறையை ஒரு லென்ஸிடம் காட்டினார்கள். டெல்பின் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவர்கள் சொல்வதைக் கேட்டாள். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். "ஏழு வேலை நாள்ல பாக்குறேன்."

ஆனால் அவள் மனம் முடிச்சிலேயே கிடந்தது. வேற்று ஆள் என்றால் ஜெபமாலையை அறுத்திருப்பான். இவன் அவிழ்த்திருக்கிறான், எடுத்த பிறகு அதே ஐந்து சுற்றுச் சுற்றி, சுரூபத்தை வெளியே பார்க்க வைத்து முடிந்திருக்கிறான். களவு செய்த கையோடு சுரூபத்தைக் குப்புறக் கவிழ்க்க மனசு வராத ஒருத்தன். அப்படியென்றால் நம்ம கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கிறவன்.

பங்குச்சாமியார் ஹிலாரியிடம் போனாள். "சாமி, யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒன்றும் தெரியாதும்மா," என்றார் சாமியார். பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததற்காகத் தன் கண்ணை நொந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். தொடர்ந்து மூன்று ஞாயிறு அவர் 'களவு செய்யாதே' என்ற ஏழாம் கட்டளையைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். நாலாம் ஞாயிறு பூசை முடிந்ததும் டெல்பின் எழுந்து பீடத்துக்கு முன்னால் நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை திருநாள். பங்கு மொத்தமும் படிக்கட்டுல நிக்கணும், நான் குரூப் போட்டோ எடுக்கப் போறேன். லென்ஸ் வந்தா லென்ஸோட. வரலேன்னா வராததோட. அன்னைக்கு வராம வீட்ல ஒளியிறவன்தான் திருடன்னு நான் எடுத்துக்குவேன்."

சலசலப்பு எழுந்தது. "ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரையே கலக்குவியாக்கும்?" என்று கத்தினார் கோயில் கணக்கப்பிள்ளை.

"ஊருக்குள்ளதான ஒளிஞ்சிருக்கான், மாமா. ஊரை அவன்தான் முதல்ல மேல போத்திக்கிட்டான்."

அந்த வாரம் கோயில் தெரு ஒரு மரணத்துக்குத் தயாராவதுபோலத் தயாரானது. ஸ்டூடியோவில் வரிசையில் நின்று எல்லோரும் கடைசித் தெளிவான படம் எடுத்துக்கொண்டார்கள். புருஷன்மார் மனைவிமாருக்குத் தங்கள் நடையை, தும்மலை, இருமலைச் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு அடையாளம் தெரிய வேண்டுமே என்று. அம்மைத் தழும்புள்ள ஸ்தெல்லா மட்டும் வந்து, "அக்கா, என்னைய முன் வரிசையில நிறுத்து, கலக்கும்போது நல்லாக் கலக்கிவிடு," என்றாள். நடு அறையில் திரேசம்மாள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். நாளுக்கு இரண்டு ஸ்பூன்தான் இப்போது இறங்கியது. டாக்டர் டெல்பினைத் தனியே கூப்பிட்டு, அதிக நாள் இல்லை என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தொபியாஸ் வந்தான். விமானத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். திருநாள் சப்பரத்துக்கு எப்போதும் வலதுபக்கத் தண்டில் தோள் கொடுப்பவன். முறுக்கின மீசையும் முரட்டுக் கழுத்துமாய் முப்பத்தெட்டு வயது ஆள். ஒரு மஞ்சள் பையை நடு அறை வாசலில் வைத்துவிட்டு நின்றான். பைக்குள் லென்ஸ், இரண்டு பக்கமும் மூடியோடு.

"வித்துரலாம்னு எடுத்தேன், அக்கா. கடைக்காரன் பில்லு கேட்டான். வீட்ல வெச்சிருந்தேன். சாமியார்ட்ட சொன்னேன், திருப்பிக் குடுத்தாத்தான் மன்னிப்புன்னாரு. வரத்தான் நெனச்சேன், உங்க வாயை நெனச்சா கால் வரலை."

"ஏல, ஜெபமாலையை அவுக்கும்போது கை நடுங்கலையா உனக்கு?"

"நடுங்குச்சு, அக்கா. அதான் திரும்ப ஒழுங்கா முடிஞ்சு வெச்சேன்."

"உப்பு?"

"என் சோத்துப் பையில இருந்துச்சு. வீட்டுக்கு வாங்கினது. பேரை மட்டும் சொல்லிராதீங்க, அக்கா. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

டெல்பின் லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதை மாட்டிக்கொண்டு எந்தக் கிராதி முன்னால் போய் நிற்பது? லென்ஸை அலமாரியில் வைத்தாள். வெறுங்காமிராவைத் தூக்கினாள். தொபியாஸ் ஓடவில்லை, ஓடுகிற ஆள் என்றால் வந்திருக்கவே மாட்டான். கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டான். அவள் அமுக்கினாள். மீசை கரைந்தது, கழுத்து கரைந்தது, நெற்றியும் கன்னமும் ஒன்றோடொன்று குழைந்தன.

அந்தச் சத்தத்துக்குத்தான், எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, கட்டிலில் ஒரு அசைவு. திரேசம்மாள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். வாசலில் நின்ற கலங்கலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் தெளிவாக இல்லாத முகத்தில் வேண்டியது எல்லாம் இருக்கும்போலும்.

"ஜெனோ," என்றாள். "வந்துட்டியாம்மா? ஏன் அங்கேயே நிக்கிற?"

தொபியாஸ் திரும்பி டெல்பினைப் பார்த்தான். பார்த்தான் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். "அக்கா, நான்..."

"வாயைத் தொறந்த, கொன்னுருவேன்," என்றாள் டெல்பின் மெதுவாக. "போய் உக்காரு."

மறுநாள் திருநாளில் லென்ஸை மாட்டி அவள் குரூப் போட்டோ எடுத்தாள். படிக்கட்டில் நின்ற கலங்கின ஐந்து பேர் தெளிந்தார்கள், ஸ்தெல்லா ஏமாந்தாள். மேனேஜர் சந்தானகிருஷ்ணனை மட்டும் வரிசையிலிருந்து வெளியே நிறுத்தி, விண்ணப்பம் எழுதி வாங்கி, நடுவில் வந்த விடுமுறைகளைக் கழித்துச் சரியாக ஏழாவது வேலை நாளில், மாலை ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது தெளிய வைத்தாள். தொபியாஸை எடுக்கவே இல்லை.

அவன் மனைவி பிரிஜித் வந்து அழுதாள். "அக்கா, பொருளத்தான் குடுத்துட்டாருல்ல? என் புருஷன் மூஞ்சியைக் குடுத்துருங்க. சின்னவ கிட்டயே போக மாட்டேங்குறா."

"எங்கம்மா பாத்து முடிக்கட்டும்."

"எப்ப முடிப்பாங்க?"

"இருபத்தஞ்சு வருஷம் பாக்கி இருக்கு, பிரிஜித். அவசரப்படுத்தாத."

சாமியார் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். டெல்பின் அவருக்குக் காப்பி கொடுத்தாள், சர்க்கரை போடாமல். ஊர் வழக்கம்போல அதற்கும் இடம் கொடுத்தது: மூன்று மணி விமானம் போனதும் தொபியாஸ் கை கழுவிக்கொண்டு கோயில் தெருவில் நடந்து வந்தால், "என்ன ஜெனோ, அம்மாவைப் பாக்கவா?" என்று சிரிக்காமல் கேட்டார்கள். முதலில் கேலியாகத்தான் கேட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. அவன் கட்டிலோரம் முழங்கால் இடிக்க உட்காருவான். மடத்தில் சோறு போடுகிறார்களா, குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று திரேசம்மாள் கேட்பாள். சாமான் தூக்கிக் காய்ந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு பாத்திரம்தான் தேய்க்க விடுறாளுகளோ," என்பாள். அவன் வாய் திறக்க மாட்டான். அடைப்பு மடத்துப் பெண் பேசாமலிருப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. கஞ்சி கிண்ணம் கிண்ணமாக இறங்கியது. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, இப்படியே போனால் தொண்ணூறைத் தாண்டுவாள் என்றபோது, மூலையில் உட்கார்ந்திருந்த கலங்கலிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. டெல்பினுக்கு அதைக் கேட்க அவ்வளவு இனித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை திரேசம்மாள் கூப்பிட்டாள். "ஏட்டி டெல்பின், கிட்ட வந்து பாருடீ, உன் தங்கச்சி எப்படிச் சிரிக்கிறான்னு."

டெல்பின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். துடைத்த கரிபோல ஒரு மீசை, சுண்ணாம்புத் தண்ணீர்போல ஒரு கன்னம். வேறொன்றும் இல்லை. சாய்ந்து பார்த்தாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"எங்கே சிரிக்கிறா, அம்மா?" என்றாள்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? இடதுபக்கம் உதடு லேசா ஏறுது பாரு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு போயிருச்சு, பாவம். காதோரம் நரைச்சிருக்கு, ஒரே ஒரு கத்தை. கண்ணுக்குக் கீழ கறுப்பு விழுந்திருக்கு, தூங்குறதே இல்லபோல. கன்னம் அப்படியேதான் இருக்கு..."

டெல்பின் தரையில் உட்கார்ந்தாள். கட்டில் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் உள்ளே அதனதன் இடத்தில் வைத்தாள்: உதடு, பல், நரை, கறுப்பு, கன்னம். கோயிலில் ஆறு மணி அடித்தது. தொபியாஸ் வீட்டுக்குப் போக மெல்ல எழுந்தான். அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவன் தோளை அமுக்கினாள்.

"உக்காருல," என்றாள். "இன்னும் நெத்தி வரலை."